மாறனாரின் மனைவிக்குப் பெயர் இல்லை

தொண்டு செய்பவர்களைப் பற்றித் தமிழில் எழுதப்பட்ட மிகப்பெரிய புத்தகம் பெரியபுராணம். 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் அதற்கு வைத்த பெயரே ‘திருத்தொண்டர் புராணம்’ என்பதுதான். பள்ளிக்கூடத்தில் பத்து மதிப்பெண்ணுக்குப் படித்துவிட்டுத் தாண்டி வந்துவிட்ட நமக்கு, அதைத் தன்னார்வலர்களைப் பற்றிய புத்தகமாக வாசிக்கத் தோன்றுவதில்லை. அப்படி வாசித்தால் பக்தி உள்ளவர்களுக்கும் இல்லாதவர்களுக்கும் அதில் வேலை இருக்கிறது. தொண்டு செய்பவனை இன்றுவரை நாம் எப்படிப் பார்க்கிறோம், எப்படி எழுதுகிறோம், யாரை எழுதாமல் விடுகிறோம் என்பதெல்லாம் அங்கேயே ஆரம்பித்துவிட்டது.

இளையான்குடி மாறனார் கதையை எடுத்துக்கொள்வோம். வருகிற அடியார்களுக்கெல்லாம் சோறு போட்டே சொத்தை இழந்த விவசாயி. மழை கொட்டுகிற ஒரு ராத்திரியில் பசியோடு ஓர் அடியார் வந்து நிற்கிறார். வீட்டில் ஒரு மணி அரிசி கிடையாது. கடன் கொடுக்க அக்கம்பக்கத்தில் ஆளும் இல்லை. அப்போது யோசனை சொல்வது மாறனார் இல்லை, அவர் மனைவி. காலையில் வயலில் விதைத்த முளைநெல்லை வாரிக்கொண்டு வந்தால் சமைத்துவிடலாம் என்கிறாள். அவர் இருட்டில் காலால் தடவித் தடவி வயலுக்குப் போய் வாரி வருகிறார். அடுப்பெரிக்க விறகில்லை என்று அவள் சொன்னதும் கூரைக் கழியை அறுத்துப் போடுகிறார். அவள் ஈரநெல்லைக் கழுவி, வறுத்து, குத்தி, உலை வைக்கிறாள். கறிக்கு என்ன செய்வது? அவர் கொல்லையிலிருந்து பறித்து வந்த கீரையை வைத்தே விதவிதமாகக் கறி பண்ணுகிறாள். விருந்து தயார். வந்தவர் சிவன். மாறனார் நாயனார் ஆகிறார்.

அந்த ராத்திரியின் வேலைப் பட்டியலை ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். யோசனை, சமையல், மிச்சமிருந்ததை வைத்துச் சமாளித்தது எல்லாம் அவளுடையது. சேக்கிழார் இதை மறைக்கவில்லை. அந்த விஷயத்தில் அவர் நேர்மையான கதைசொல்லி, அவளைப் பேச வைக்கிறார், வேலை செய்ய வைக்கிறார், கடைசியில் கணவனோடு சேர்த்துச் சிவலோகத்துக்கும் அனுப்பிவைக்கிறார். ஆனால் பெயர் தரவில்லை. அறுபத்துமூவர் வரிசையில் அவளுக்குத் தனி இடமும் இல்லை.

இன்னொரு விஷயமும் இதே நூலில் இருக்கிறது. சேக்கிழாருக்கு முன்னால் அடியார் பட்டியலைப் பாடிய சுந்தரர், தனித்தனி ஆட்களோடு ஒன்பது கூட்டங்களையும் சேர்த்துக்கொண்டார். தொகையடியார்கள் என்று அவர்களுக்குப் பெயர். தில்லைவாழ் அந்தணர், திருவாரூர்ப் பிறந்தார் என்று போகிற அந்த ஒன்பதில் கடைசி வகை, ‘அப்பாலும் அடிச்சார்ந்தார்’. அதாவது, நம் ஊருக்கும் நம் காலத்துக்கும் அப்பால் இருப்பவர்கள், நமக்குப் பெயர் தெரியாதவர்கள். பட்டியல் போடுகிற ஒருவன் பட்டியலுக்கு வெளியே இருப்பவர்களுக்கும் ஓர் இடம் ஒதுக்கிவைப்பது சாதாரண விஷயம் இல்லை. ஆனால் சேக்கிழார் கதையாக விரிக்கும்போது என்ன ஆகிறது? தனி ஆட்களுக்கு நீளநீளமான புராணங்கள். கூட்டங்களுக்குச் சில பாடல்கள். அவரைக் குற்றம் சொல்ல முடியாது. கதைக்கு ஓர் ஆள் வேண்டும், அந்த ஆளுக்கு ஒரு சோதனை வேண்டும். கூட்டத்துக்கு எப்படிச் சோதனை வைப்பது?

என் வாதம் இவ்வளவுதான்: தன்னார்வப் பணி உலகத்தில் நடப்பது தொகையடியார்களால். நம் இலக்கியம் அதை எழுதுவது நாயன்மார்களாக. இந்த இடைவெளி வெறும் அழகியல் பிரச்சினை இல்லை. அதனால் நஷ்டப்படுகிற ஆட்கள் இருக்கிறார்கள்.

*

எட்டு நூற்றாண்டு தாண்டி நம் காலத்துக்கு வருவோம். இணையத்தில் இலக்கியம் படிக்க ஆரம்பித்த என் தலைமுறைக்குத் தொண்டு என்றால் நினைவுக்கு வருகிற புத்தகம் ஜெயமோகனின் ‘அறம்’ (2011). நிஜ மனிதர்களை வைத்து எழுதப்பட்ட கதைகள். ‘சோற்றுக்கணக்கு’ கதையின் கெத்தேல் சாகிப், திருவனந்தபுரத்தில் சாப்பாட்டுக்கடை வைத்திருப்பவர். சாப்பிட்டவர்கள் முடிந்ததைப் பெட்டியில் போடலாம், போடாமலும் போகலாம், அவர் பார்ப்பதே இல்லை. ‘யானை டாக்டர்’ கதையில் கால்நடை மருத்துவர் வி.கிருஷ்ணமூர்த்தி. ‘ஓலைச்சிலுவை’யில் நெய்யூர் மருத்துவமனையின் டாக்டர் சாமர்வெல். இந்தக் கதைகளைப் படித்துவிட்டு அழுதவர்களை எனக்குத் தெரியும். படித்த பிறகு வாரக்கடைசியில் எங்கேயாவது போய் வேலை செய்ய ஆரம்பித்தவர்களையும் தெரியும். ஒரு சிறுகதைத் தொகுப்பு இதைச் செய்தால் அது பெரிய விஷயம். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஆனாலும் ஒரு கேள்வி. இந்தக் கதைகள் நம்மை எங்கே நிறுத்துகின்றன? கெத்தேல் சாகிப்புக்கு எதிரே, இலையில் உட்கார்ந்து அண்ணாந்து பார்க்கிற இடத்தில். கடையின் அடுப்படி, அரிசி வந்த வழி, பாத்திரம் கழுவிய கை எல்லாம் ஓரத்தில் இருக்கின்றன. கதை சாகிப்பின் மீதிருந்து கண்ணை எடுப்பதில்லை. எடுத்தால் கதை கலைந்துவிடும். அந்தப் பெரிய கை சோற்றை அள்ளிப் போடுகிற காட்சியின் பலமே, வேறு எதையும் பார்க்க விடாததுதான்.

அதன் விளைவு, வாசகன் தன்னை அளக்கிற கோல் மாறிவிடுகிறது. ‘நான் கெத்தேல் சாகிப் ஆக முடியுமா?’ முடியாது. அப்புறம் இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுத்த கதைக்குப் போய்விடலாம். இன்னொன்று, ஞாயிற்றுக்கிழமை டி-ஷர்ட் போட்டுக்கொண்டு ஏரிக்கரையில் குப்பை பொறுக்கி, போட்டோ எடுத்து, ஒரு நாள் நாயனார் ஆகலாம். இரண்டிலும் விட்டுப்போவது ஒன்றுதான். ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் போவது. அலுப்பாக இருக்கும்போதும் போவது. சாவி யாரிடம் இருக்கிறது, இந்த மாசம் மின்சாரக் கட்டணத்தை யார் கட்டினார்கள், ரெண்டு பேருக்குள் சண்டை வந்தால் யார் பேசித் தீர்ப்பது, இதுதான் அமைப்பு என்பது. நம் சிறுகதை இதற்குள் நுழையத் தயங்குகிறது. இதில் அற்புதம் கிடையாது, கடைசியில் சிவன் வரமாட்டார்.

*

கூட்டத்தையே எழுத வேண்டிய சந்தர்ப்பம் தமிழ்நாட்டுக்கு ஒருமுறை வாய்த்தது, அறிவொளி இயக்கம். 1988இல் தேசிய எழுத்தறிவு இயக்கம் ஆரம்பிக்கிறது. 1990 பிப்ரவரியில் எர்ணாகுளம் முழு எழுத்தறிவு பெற்ற மாவட்டமாக அறிவிக்கப்படுகிறது. அந்த உற்சாகம் தமிழ்நாட்டுக்கும் பரவி, மாவட்டம் மாவட்டமாக அறிவொளி நடக்கிறது. அரசாங்கமும் தமிழ்நாடு அறிவியல் இயக்கம் போன்ற அமைப்புகளும் சேர்ந்து நடத்திய வேலை. சொல்லிக்கொடுத்தவர்கள் தன்னார்வலர்கள். பகல் முழுக்க வயலில் நின்ற பெண்களுக்கு ராத்திரி விளக்கு வெளிச்சத்தில் எழுத்து.

இதில் புதுக்கோட்டை பெயர் தனியாக நிற்கக் காரணம் சைக்கிள். ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்தபோது, எழுத்தோடு சைக்கிள் ஓட்டுவதையும் இயக்கத்தின் பாடமாக்கினார்கள். பி.சாய்நாத் 1996இல் வெளிவந்த தன் வறட்சிப் புத்தகத்தில் இதைப் பற்றி ஓர் அத்தியாயம் எழுதினார். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கிராமத்துப் பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்டார்கள் என்கிறது அவர் கணக்கு. பத்து வயதுக்குக் கீழே இருந்த சிறுமிகளைக் கழித்துவிட்டால், மாவட்டத்துக் கிராமப் பெண்களில் நாலில் ஒருவர். பெண்கள் சைக்கிள் கிடைக்காதபோது ஆண்கள் ஓட்டுகிற சைக்கிளையே எடுத்தார்கள். முன்பக்கக் கம்பியில் பிள்ளையை உட்காரவைக்க அது வசதி என்று அதையே விரும்பியவர்களும் உண்டு. ஷீலா ராணிக்கு உரிய மரியாதையைக் கொடுத்துவிட்டு, எழுத்தைத் தெருவில் சைக்கிள் ஓட்டுகிற பெண்களிடம் திருப்பிவிடுகிறார் சாய்நாத். நாயனாரும் தொகையடியாரும் ஒரே கட்டுரையில் சரியான அளவில் இருப்பதை நான் பார்த்த அபூர்வமான இடம் அது. எழுதியவர் பத்திரிகையாளர், எழுதப்பட்டது ஆங்கிலத்தில்.

தமிழில்? ச.தமிழ்ச்செல்வனின் ‘இருளும் ஒளியும்’ இருக்கிறது. ‘பூ’ படத்துக்கு மூலமான ‘வெயிலோடு போய்’ கதையை எழுதியவர் என்றால் பலருக்குத் தெரியும். அறிவொளியில் வேலை செய்த அனுபவத்தை அவர் எழுதிய புத்தகம் இது. நான் இதை ‘அறம்’ தொகுப்புக்குப் பக்கத்திலேயே வைத்துப் படிக்கச் சொல்வேன். ‘அறம்’ அண்ணாந்து பார்க்கிறது. இது பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிறது. எழுதுகிறவரே இயக்கத்துக்குள் ஓர் ஆள் என்பதால் நாயகனுக்கு இடமில்லாமல் போகிறது. அழவைக்கிற புத்தகம் இல்லை. அதனாலேயே யாரும் இதை நண்பருக்கு ராத்திரி பன்னிரண்டு மணிக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புவதில்லை போலிருக்கிறது.

கற்றுக்கொண்ட பெண்களின் பக்கத்திலிருந்து பார்க்க முயன்றவர் மானுடவியலாளர் பிரான்சிஸ் கோடி. புதுக்கோட்டையில் களப்பணி செய்து அவர் எழுதிய புத்தகம் 2013இல் வந்தது. ஆட்சியர் அலுவலகத்தில் மனு கொடுக்கப் போகும்போது கைநாட்டுக்குப் பதிலாகக் கையெழுத்துப் போடுவது ஒரு பெண்ணுக்கு என்னவாக இருந்தது என்று அவர் விரிவாகப் பேசுகிறார். சொந்தக்காலில் நிற்கச் சொல்லிக்கொடுத்த இயக்கமே அரசாங்கத்தைச் சார்ந்து நின்ற முரணையும் விடுவதில்லை. இந்தக் கையெழுத்தைப் பற்றி, அந்தச் சைக்கிள் கம்பியைப் பற்றி ஒரு தமிழ் நாவல் ஏன் நம் பேச்சில் இல்லை என்பது எனக்குத் தீராத கேள்வி.

*

நான் இருப்பது ஆவடி பக்கம், முத்தாபுதுப்பேட்டையில். ஒருபக்கம் விமானப்படை நிலையம், இன்னொரு பக்கம் பழைய ஊரும் புதிய மனைப்பிரிவுகளும். ஆவடிக்கு இந்திய வரலாற்றில் ஒரு வரி உண்டு. 1955 ஜனவரியில் இங்கே நடந்த காங்கிரஸ் மாநாட்டில்தான் சோஷலிச பாணி சமுதாயம் அமைப்பது என்று தீர்மானம் போட்டார்கள். பொறுப்பை அரசாங்கம் தூக்கிக்கொள்ளும் என்று சொன்ன ஊர்.

66 வருஷம் கழித்து, 2021 அக்டோபரில், தமிழ்நாடு அரசு ‘இல்லம் தேடிக் கல்வி’யை ஆரம்பித்தது. கொரோனாவால் பள்ளிகள் மூடிக்கிடந்த காலத்தில் ஒன்றாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரையிலான பிள்ளைகள் இழந்த படிப்பை மீட்பதற்கான திட்டம். சாயங்காலம் ஒன்று, ஒன்றரை மணி நேரம் வகுப்பு. ஒருவருக்கு இருபது பிள்ளைகள். மாசம் ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகை. ஏறக்குறைய இரண்டு லட்சம் பேர் வந்தார்கள், பெரும்பாலும் பெண்கள். அவர்களுக்கு அரசு வைத்த பெயர், தன்னார்வலர்.

திட்டம் வேலை செய்ததா? செய்தது. கார்த்திக் முரளிதரன், அபிஜீத் சிங், மௌரிசியோ ரொமேரோ ஆகிய ஆய்வாளர்கள் தமிழ்நாட்டில் 220 கிராமங்களில் சுமார் 19,000 பிள்ளைகளைத் தொடர்ந்து சோதித்துப் பார்த்தார்கள். பள்ளி திறந்த ஆறு மாசத்துக்குள் இழப்பில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டுவிட்டது. அந்த மீட்சியில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு இந்த மாலை வகுப்புகளால் வந்தது. கூட்டத்தின் உழைப்புக்கு இப்படி எண்ணில் சாட்சி கிடைப்பது அபூர்வம்.

ஆனால் ‘தன்னார்வலர்’ என்ற சொல்லைப் பாருங்கள். தன் ஆர்வத்தால் வந்தவர். ‘நீயாகத்தானே வந்தாய்’ என்று எப்போது வேண்டுமானாலும் சொல்லிவிடக்கூடிய சொல். ஆயிரம் ரூபாயை நாள் கணக்கில் பிரித்தால் என்ன வருகிறது என்று சொல்ல வேண்டியதில்லை. இடதுசாரி நண்பர்கள் இதை அப்போதே சொன்னார்கள்: ஆசிரியர் வேலையை அரசு மலிவாக வாங்குகிறது, ஆசிரியர் நியமனத்தைத் தள்ளிப்போட இது ஒரு சாக்கு, தேசியக் கல்விக் கொள்கை பேசுகிற தன்னார்வலர் முறை பின்வாசலால் வருகிறது என்று. நியாயமான பயங்கள்தான். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சோறு கொண்டுபோன இளைஞர்களைத் தன்னார்வலர்கள் என்று பத்திரிகைகள் கொண்டாடின. அதே வெள்ளத்துக்குப் பிறகு வெளி மாவட்டங்களிலிருந்து வரவழைக்கப்பட்டு, மலைபோல் குவிந்த குப்பையை அள்ளிய துப்புரவுத் தொழிலாளர்களைப் பற்றி யார் கதை எழுதினோம்? யாருடைய வேலை தொண்டு, யாருடைய வேலை வெறும் வேலை என்பதை நம் ஊரில் சாதியும் சேர்ந்துதான் தீர்மானிக்கிறது.

எங்கள் தெருவில் ஓர் அக்கா இந்த வகுப்பை எடுத்தார். டிகிரி முடித்தவர், கல்யாணத்துக்குப் பிறகு வேலைக்குப் போகவில்லை. வீட்டு முன்னால் இருக்கிற கார் நிறுத்துகிற இடத்தில் பாய் விரித்து, சுவரில் ஒரு கரும்பலகை. மழை பெய்தால் வகுப்பு மாடிப்படிக்குக் கீழே. நான் மேலே சொன்ன வாதத்தையெல்லாம் மனசில் வைத்துக்கொண்டு ஒருநாள் கேட்டேன்: “ஆயிரம் ரூபாய்க்காக்கா இவ்ளோ கஷ்டப்படறீங்க?”

“ஆயிரம் ரூபாய்க்கு யாரு தம்பி வருவா? பேருக்கு முன்னாடி டீச்சர்னு கூப்புடறாங்கல்ல, அதுக்குத்தான்” என்றார். கொஞ்ச நேரம் கழித்து, “அஞ்சு மணி ஆச்சுன்னா எங்க மாமியாரே காபி போட்டுக்குறாங்க. அது போதாதா?”

இந்தப் பதிலை நான் பல நாள் யோசித்தேன். சுரண்டல் என்ற சொல் தப்பாகிவிடவில்லை. ஆயிரம் ரூபாய் ஆயிரம் ரூபாய்தான். ஆனால் அந்தச் சொல் மட்டும் போதாது. புதுக்கோட்டையில் சைக்கிள் என்னவாக இருந்ததோ, இந்த அக்காவுக்கு அஞ்சு மணி அதுவாக இருந்திருக்கிறது. வீட்டு வேலையிலிருந்து ஒன்றரை மணி நேரம் அவருக்கு அதிகாரபூர்வமாக விடுதலை, அதற்கு அரசாங்கமே சாட்சி. அவர் கொடுத்துக்கொண்டு மட்டும் இருக்கவில்லை, எடுத்துக்கொண்டும் இருந்தார். தொண்டு செய்பவர் எடுத்துக்கொள்வது எதுவும் நாயன்மார் கதைக்குள் வரமுடியாது, தியாகத்தின் கணக்கு கெட்டுவிடும். சுரண்டல் கட்டுரைக்குள்ளும் அது வருவதில்லை, பாதிக்கப்பட்டவரின் கணக்கு கெட்டுவிடும். பக்தனும் விமர்சகனும் சேர்ந்து ஒரே ஆளை விட்டுவிடுகிறார்கள். மாறனாரின் மனைவிக்கு அந்த மழை ராத்திரியில் என்ன கிடைத்தது என்று நமக்குத் தெரியாததும் இப்படித்தான்.

*

இதைப் படிக்கிற உங்களில் பலர் ஏதோ ஓர் அமைப்பில் இருப்பீர்கள். ரத்ததானக் குழு, தெருநாய்களுக்குச் சோறு போடுகிற குழு, அரசுப் பள்ளிக்குப் புத்தகம் வாங்கித் தருகிற குழு, ஊர் நூலகத்தின் வாசகர் வட்டம். எழுதவும் செய்வீர்கள். என் குறை உங்கள் மேல்தான், கொஞ்சம் உரிமையோடு சொல்கிறேன். அமைப்பில் இருக்கும்போது ஓர் ஆளாகவும், எழுத உட்காரும்போது வேறு ஆளாகவும் ஆகிவிடுகிறோம். எழுத்தில் வருவது அமைப்பை ஆரம்பித்த அந்த அபூர்வ மனிதரின் சித்திரம், அல்லது அமைப்பிலிருந்து கசந்து வெளியேறியவனின் தனிமை. இடையில் இருக்கிற இரண்டு வருஷத்துச் செவ்வாய்க்கிழமைகள் வருவதே இல்லை.

அது எழுத முடியாத விஷயம் என்று நான் நம்பவில்லை. கூட்டத்துக்குச் சோதனை வைப்பது எப்படி என்று ஆரம்பத்தில் கேட்டேன். கூட்டத்துக்கு அன்றாடம் சோதனைதான். வருகிறவர்கள் பத்துப் பேர், அடுத்த மாசம் ஏழு, அதற்கடுத்து மூன்று. அந்த மூன்று பேரில் ஒருத்திக்கு வேலை கிடைத்துவிட்டது, சந்தோஷப்படுவதா வேண்டாமா? உதவி வாங்குகிற குடும்பத்துக்கும் கொடுக்கிற குழுவுக்கும் நடுவில் இருக்கிற அந்தக் கூச்சம், யார் வீட்டில் தண்ணீர் குடிப்பது, யார் வீட்டில் குடிப்பதில்லை என்று வெளியே சொல்லாமல் நடக்கிற சாதிக்கணக்கு, நன்கொடை கொடுத்தவரின் பிறந்தநாளுக்குப் பிள்ளைகளைக் கைதட்ட வைத்த சாயங்காலம், இதையெல்லாம்விட ஒரு நாவலுக்கு வேறு என்ன வேண்டும்? அரசியல் கட்சியின் கிளைக்கூட்டத்தை, தொழிற்சங்கத்தை எழுதத் தெரிந்த மொழி இது. தன்னார்வக் குழுவின் வாட்ஸ்அப் குரூப்பை எழுதத் தெரியாதா?

பள்ளிகள் இயல்புக்குத் திரும்பிய பிறகு எங்கள் தெரு வகுப்பு நின்றுவிட்டது. கரும்பலகை இருந்த இடத்தில் சுவரில் ஒரு சதுரம் மட்டும் வெளிறாமல் இருக்கிறது. அக்காவிடம் நீளமான ஒரு கோடுபோட்ட நோட்டு இருக்கிறது, அவரே போட்ட வருகைப் பதிவேடு. இருபது பெயர், தேதி, டிக். சில இடங்களில் டிக் இல்லாமல் பென்சிலில் சின்னதாக ஏதோ எழுதியிருக்கிறார்: ‘அம்மைக்கு’, ‘ஊருக்குப் போயிட்டான்’, ‘சண்டை’. அதைப் புரட்டிப் பார்க்கக் கொடுத்தபோது, “இதுல என்ன தம்பி இருக்கு?” என்றார்.

இருபது பேரின் பெயரும் அதில் இருந்தது. நோட்டை எழுதியவரின் பெயர் மட்டும் எங்கேயும் இல்லை.